ஸ்வெட்டரோடு எடை போட்ட குழந்தை: குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பத்தையும் தோட்டத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். எடை, அளவு, மாதம் எல்லாம் எங்கள் பதிவேட்டில் உள்ளபடி. நான் மலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதையும் அதற்குரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பெண் குழந்தை. முதல் பிரசவம், சுகப்பிரசவம், நவம்பர் நடுவில். பிறந்த எடை 2.7 கிலோ. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், குடும்பம் இருந்தது. அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பாவுக்கு அதே தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. கூட அப்பாவைப் பெற்ற பாட்டி. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், சிறுமியாகக் கப்பலில் வந்தவர். இன்னும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம் அவருக்குப் பிள்ளைக்காம்பரா.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு, 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டத்துப் பெண்களுக்கும் உண்டு. இந்த அம்மா அதை முழுதாக எடுத்துக்கொண்டு மே மூன்றாம் வாரம் காட்டுக்கு, அதாவது கொழுந்து பறிக்கும் இடத்துக்கு, திரும்பினார். மே, ஜூன் கொழுந்து அதிகம் வரும் மாதங்கள். காலை ஏழரைக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு.

தோட்டத்தில் காப்பகம் இருந்தது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் அது இருக்க வேண்டும் என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் லைனிலிருந்து காப்பகத்துக்கு ஏற்றம், அங்கிருந்து அம்மா பறிக்கும் காடு இன்னொரு சரிவில். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டப் போய்வர வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், போய்வரவே நாற்பது நிமிடம் ஆகிற இடத்தில் அந்த இடைவேளை காகிதத்தில்தான் இருக்கும். குழந்தையைப் பாட்டியிடமே விட்டார்கள். அதற்குப் பிறகு தாய்ப்பால் இரவிலும் விடியற்காலையிலும் மட்டும்.

வளர்ச்சி அட்டை சொன்னது

அங்கன்வாடியில் மாதம் தவறாமல் எடை போட்டிருந்தார்கள். அட்டையில் இருந்த புள்ளிகள்: மே 6.4 கிலோ, ஜூன் 6.5, ஜூலை 6.6, ஆகஸ்ட் 6.6, செப்டம்பர் 6.8, அக்டோபர் 6.9. எல்லாம் பச்சைப் பட்டைக்குள். கடைசிப் புள்ளி பச்சையின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பச்சைதான். ஒவ்வொரு மாதமும் "இயல்பு" என்று எழுதியிருந்தது.

இந்த அட்டையில் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தன. ஒன்றை அட்டையைப் பார்த்த யாரும் கண்டிருக்கலாம். மே மாதத்தில் பச்சையின் கீழ் விளிம்புக்கு நன்றாக மேலே இருந்த குழந்தை ஐந்து மாதத்தில் அரைக் கிலோ மட்டும் ஏறி விளிம்புக்கு வந்துவிட்டது. புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்று மட்டும் பார்த்தார்கள். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவில்லை. இத்தனைக்கும் இது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமில்லை. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் அடிப்படையே அதுதான். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாமல் தங்கிப்போகிற குழந்தையைக் கண்டுபிடித்து, அந்தக் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். மெலிந்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

இரண்டாவது பிழையை அட்டையில் பார்க்க முடியாது.

அக்டோபர்: முதல் சந்திப்பு

குழந்தையைக் கொண்டுவந்தது எடைக்காக அல்ல, விடாத சளிக்காக. வயது 11 மாதம். குழந்தை மருத்துவர் நெஞ்சைப் பார்க்க உடுப்பைக் கழற்றச் சொன்னார். கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஃப்ளானல் சட்டை, கவுன், இரண்டு அடுக்கு பேன்ட், காலுறை, காதை மூடும் குல்லா, நனைந்த துணி நாப்கின். எல்லாம் கழற்றியதும் உள்ளே இருந்த குழந்தையைப் பார்த்து, அங்கிருந்த நர்சம்மா "இவ்ளோதானா?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் சுருங்கியது. அந்தக் கேள்வி அங்கே வந்திருக்கக் கூடாது.

உடுப்பில்லாமல் எடை 6.23 கிலோ. கழற்றிய துணியை அதே தராசில் போட்டோம்: 620 கிராம். இரண்டையும் கூட்டினால் 6.85. அந்த வாரம் அங்கன்வாடியில் எழுதிய 6.9 எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மே மாதத்தில் வெயில் இருந்தபோது மெல்லிய சட்டையோடு போட்ட 6.4 ஏறக்குறைய உண்மையான எடை. ஜூனில் காற்றும் மூடுபனியும் வந்தபிறகு மாதாமாதம் ஏறியது பெரும்பாலும் கம்பளி. குழந்தை ஐந்து மாதத்தில் வளரவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. 6.23 கிலோ மஞ்சள் பட்டையின் (மிதமான எடைக் குறைவு) அடியில், ஆரஞ்சுக்கு (கடும் எடைக் குறைவு) சுமார் 100 கிராம் மேலே விழுகிறது.

அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்டோபர் காலையில் தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மாதக் குழந்தையின் சட்டையைக் கழற்று என்று எந்தப் பாட்டியிடமும் சுலபமாகச் சொல்ல முடியாது. "பச்ச உடம்புல காத்துப் படும்" என்ற ஒரு வாக்கியம் போதும், தராசு தோற்றுவிடும். கையேட்டில் குறைந்த உடுப்போடு எடை போட வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. சமவெளியில் அது சட்டையைக் கழற்றுகிற வேலை. மலையில் அது ஒரு குடும்பத்தோடு வாதாடுகிற வேலை.

எடையை நம்பி முடிவெடுக்கும் பழக்கம் குழந்தை ஊட்டச்சத்து அறிவியலுக்கு வந்ததில் இதே குன்னூருக்கும் பங்கு உண்டு. 1918இல் இங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். 1928இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. 1958இல் ஹைதராபாத் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குட்டி எலிகளுக்கு நாட்டின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் தனித்தனியே கொடுத்து வளர்த்து எடை போட்டார் மெக்காரிசன். ரொட்டி, நெய், பால், பருப்பு, கீரை என்று பஞ்சாபியர் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. ஒரே வயது, ஒரே தராசு, எடை மட்டும் வேறு, ஆகவே காரணம் சாப்பாடு என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த எலிகள் ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை.

மற்ற அளவுகள்: நீளம் 68.1 செ.மீ. மேல்கைச் சுற்றளவு 119 மி.மீ. 115க்குக் கீழே போனால் கடும் மெலிவு, 125க்குக் கீழே மிதமான மெலிவு. நீளத்துக்கு ஏற்ற எடையும் மிதமான மெலிவையே காட்டியது. பாதத்தில் அழுத்திப் பார்த்தோம், வீக்கம் இல்லை. வெளிறிய கண்ணிமை. பசி இருந்தது, கொடுத்ததை வாங்கித் தின்றது. வீட்டில் காசநோய்த் தொடர்பு இல்லை. சிறுநீரிலும் நெஞ்சிலும் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஹீமோகுளோபின் 10.2. பரிசோதனைச் சீட்டில் "லேசான ரத்தசோகை" என்று வந்தது. இங்கேயும் அதே கதைதான். உயரமான இடத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூடுதலைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கழித்துப் பார்த்தால் இந்தக் குழந்தைக்கு இருந்தது மிதமான ரத்தசோகை. ரத்தத்துக்கும் மலை ஒரு ஸ்வெட்டர் போட்டு அனுப்புகிறது.

முதல் முடிவும் அதன் காரணமும்

படுக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது முதல் கேள்வி. சேர்க்கவில்லை. வீக்கம் இல்லை, பசி இருக்கிறது, கடும் மெலிவின் எல்லைக்கு மேலே இருக்கிறது, சளி நிமோனியா ஆகவில்லை. மருத்துவமனையில் வைத்தால் அம்மாவுக்குக் கூலி போகும், அம்மா ஓய்ந்தால் வீடும் ஓயும். வாரம் ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்தோம். மருத்துவர் எடைக்குத் தக்க அளவில் இரும்புச்சத்து மருந்து எழுதினார்.

சாப்பாட்டை எழுதியது நான். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையும் மத்தியானமும் ராகிக் கஞ்சி, நடுவில் வர்க்கி அல்லது பிஸ்கட், தினம் இரண்டு வேளை புரத மாவு என்றார்கள். டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார் அப்பா. குழந்தை இளைத்திருக்கிறது என்று கடையில் சொன்னபோது எடுத்துக் கொடுத்தார்களாம். விலை அம்மாவின் இரண்டு நாள் கூலியை விட அதிகம். டப்பாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக தினம் ஒரு முட்டை, கஞ்சியில் வேகவைத்த பருப்பு, முடிந்தால் பால் என்று எழுதிக் கொடுத்தேன். தேத்தண்ணி குழந்தைக்குக் கூடாது, அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்றும் சொன்னேன். எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரி. ஆனால் கஞ்சி எவ்வளவு கெட்டி, எதில் ஊட்டுகிறீர்கள், யார் ஊட்டுகிறார்கள் என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. பாட்டி அன்று வரவும் இல்லை.

பாட்டி வராததை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு வாரத்தில் 40 கிராம்

நவம்பர் முதல் வாரம் உடுப்பில்லாமல் எடை 6.27 கிலோ. பதினைந்து நாளில் 40 கிராம். அது ஒருவேளைக் கஞ்சி வயிற்றில் இருக்கிற எடை. முட்டை கொடுத்தார்களா? கொடுத்தார்கள், வெள்ளைக்கருவைத் துப்பிவிடுகிறது. பருப்பு? போடுகிறோம். மருந்து? ஊற்றுகிறோம். யாரும் பொய் சொல்லவில்லை என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மருத்துவர் மறுபடி நோயைத் தேடலாமா என்று யோசித்தார். அதற்கு முன் ஒரு நாள் வீட்டில் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் பார்த்தது

காலை எட்டரைக்குப் போனேன். பாட்டி கஞ்சியைக் காய்ச்சி முடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் அதுதான். ஃபிளாஸ்க்கிலிருந்து பால் பாட்டிலுக்கு. ரப்பரில் அடைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டும் என்பதால் வெந்நீர் விட்டு இளக்கினார். பருப்பு போட்டது உண்மைதான். ஆனால் வடிகட்டியில் வடித்துவிட்டு, மேலே நின்ற தண்ணீரைத்தான் கஞ்சியில் சேர்த்தார்.

"கட்டியா குடுத்தா மாந்தம் வந்துரும்மா. தொண்டையில வேற அடைச்சுக்கும். எங்க காலத்துல பிள்ளைக்காம்பராவுல ஆயா தண்ணியாத்தான் ஊத்துவா, நாங்கல்லாம் வளரலியா?"

நான் குழந்தை வளர்ச்சி பற்றி ஏதோ ஆரம்பித்தேன். "எங்க சனமே சின்ன உருவந்தான்" என்று முடித்துவைத்தார்.

அந்த வாதத்துக்கு இந்தத் துறை பதில் கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்ட அளவுகோலால் இந்தியக் குழந்தையை அளக்கலாமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, புகைப்பழக்கம் இல்லாத, வசதிக் குறைவில்லாத வீடுகளில் வளர்ந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். ஆறு இடத்திலும் முதல் ஐந்து வருட வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2006இல் வந்த உலக சுகாதார நிறுவன அளவுகோலும், நம் அங்கன்வாடி அட்டையின் பச்சை மஞ்சள் கோடுகளும் அதிலிருந்து வந்தவை. இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லவில்லை. மே மாத அட்டையைக் காட்டி, "பிள்ள சின்ன உருவம்னா அதோட கோட்டுலயே போயிருக்கணும் பாட்டி. இது உங்க மருமக வேலைக்குப் போன மாசத்துல நின்னுருக்கு" என்றேன். அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பாட்டில் கஞ்சி 150 மி.லி. அதில் போகிற மாவு சுமார் 10 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி. மொத்தம் ஐம்பத்துச் சொச்சம் கலோரி. நாளைக்கு மூன்று பாட்டில் என்றால் 160க்குப் பக்கம். தாய்ப்பால் வழக்கமான அளவு கிடைக்கும் குழந்தைக்கே 9 – 11 மாதத்தில் வெளி உணவிலிருந்து 300 கலோரி வேண்டும், ஒரு வயதுக்குப் பிறகு 550. இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலும் பாதியாகிவிட்டது. அதிகம் குடிக்கவைக்கலாமே என்றால், குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. கணக்கில்தான் கொள்ளும். ஆறு கிலோ குழந்தைக்கு 180 மி.லி.தான். தண்ணீரால் வயிறு நிறைந்துவிடுகிறது. குழந்தை அழவில்லை, பாட்டிலை முடித்துவிட்டுத் தூங்குகிறது. ஆகவே எல்லோருக்கும் அது வயிறு நிறைந்த குழந்தை.

இங்கேதான் என் தவறு எனக்குப் புரிந்தது. டப்பாவை விற்ற கடைக்காரரும் முட்டையை எழுதிய நானும் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தோம். இளைத்த குழந்தை என்றதும் புரதம் என்று நினைத்துவிட்டோம். இந்தத் துறையே தடுக்கி விழுந்த இடம் அது. 1933இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இன்றைய கானாவில் வயிறும் காலும் வீங்கிய குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1935இல் அந்த நோய்க்கு அங்கத்திய கா மொழியில் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயரையே வைத்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் மார்பிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட குழந்தைக்கு வருவது என்று பொருள். புரதம் இல்லாத சாப்பாட்டால் வருகிறது என்று அதைப் புரிந்துகொண்டதிலிருந்து, உலகத்துக் குழந்தைகளுக்குப் புரதம்தான் பற்றாக்குறை என்ற எண்ணம் பரவியது. 1955இல் ஐ.நா. அமைப்புகள் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தன. புரதமாவும் புரத பிஸ்கட்டும் பெருகின. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவரான சி. கோபாலன், ஹைதராபாத் போன பிறகு தன் குழுவோடு ஒரு சோதனை செய்தார். 1 முதல் 5 வயது வரையிலான கிராமக் குழந்தைகளுக்கு 14 மாதம் தினம் 310 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் புரதம் வெறும் 3 கிராம். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய்தான். குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் நன்றாக வளர்ந்தார்கள். 1973இல் அது வெளியானது. அதே வருடம் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் புரதத் தேவையைக் குறைத்து அறிவித்தன. அடுத்த வருடம் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் புரதத்தின் பெருந்தோல்வி என்றே தலைப்பு வைத்தார்.

தானியமும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிடுகிற குழந்தைக்குப் புரதம் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. சாப்பாடே போதவில்லை என்றால் கொடுக்கிற முட்டையையும் உடம்பு விறகாகத்தான் எரிக்கும். இது எனக்குப் பாடமாகத் தெரியும். படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். கையில் பேனா இருந்தபோது நினைவுக்கு வரவில்லை. (முட்டை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு, துத்தநாகம், நல்ல கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. எரிபொருள் இல்லாத இடத்தில் அதை மட்டும் வைத்து எடை ஏறாது என்பதுதான் விஷயம்.)

மாற்றிய முடிவு

பாட்டிலையும் ஃபிளாஸ்க்கையும் நிறுத்துவது, கஞ்சியைக் கரண்டியில் எடுத்தால் ஒழுகாத பதத்துக்குக் காய்ச்சுவது, ஒவ்வொரு வேளையும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ப்பது. அங்கன்வாடிச் சத்துமாவுப் பாக்கெட் வீட்டில் பிரிக்காமலே இரண்டு இருந்தது. அதில் 25 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அரை டம்ளர் அளவுக்குக் கெட்டிக் கஞ்சி: சுமார் 140 கலோரி. அதே வயிறு, அதே நேரம், பாட்டில் கஞ்சியைப் போல இரண்டரை மடங்கு. நாளைக்கு நாலு வேளை. பருப்பை வடிக்காமல் மசிப்பது. இதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

தொண்டை அடைக்கும் என்ற பயத்தைப் பேச்சால் தீர்க்க முடியவில்லை. அதற்கு ராகியே உதவியது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவில், மாப்பொருளை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. கெட்டிக் கஞ்சியை இறக்கிய சூட்டில் அந்த மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறி இன்னொரு கொதி விட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி நெகிழ்ந்துவிடும். 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் போன்றவர்கள் இதைக் குழந்தை உணவுக்கென்றே ஆராய்ந்தார்கள். பாட்டிக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கண்முன்னால் கஞ்சி இளகுவதைப் பார்த்து, "இது நாங்க செஞ்சதுதானே" என்றார். ஒரே சிக்கல், இந்தக் குளிரில் ராகி முளைவிட மூன்று நாள் ஆகிறது. துணி மூட்டையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம் என்பது அவர் யோசனை. நன்றாக முளைத்தது.

அம்மாவின் வேலை அடுத்தது. அப்பா மேஸ்திரியிடம் பேசினார், நானும் கூடப் போனேன். லைனுக்குப் பக்கத்துக் காட்டில் பறிக்க வந்தால் மத்தியானம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பாலூட்டலாம். சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை நான் சொன்னபோது மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் அட்டையைக் காட்டியபோது ஒப்புக்கொண்டார். எல்லா நாளும் அப்படிக் கிடைக்கவில்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள் கிடைத்தது.

குவாஷியோர்கர் என்ற சொல்லை இந்த வீட்டில் நினைத்துக்கொண்டேன். இங்கே இந்தக் குழந்தையைத் தள்ளிவைத்தது அடுத்த பிள்ளை அல்ல, கொழுந்து.

டிசம்பர்

நாலு வாரத்தில் எடை 6.27இலிருந்து 6.85க்கு வந்தது. ஒரு நாளைக்கு 20 கிராம் வீதம். மேல்கைச் சுற்றளவு 125ஐத் தாண்டியது. கன்னம் தெரிய ஆரம்பித்தது, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பாட்டிக்குக் காய்ச்சல். குழந்தையை நாலு நாள் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அங்கே பாட்டில் திரும்பியது. வயிற்றுப்போக்கு. எடை 6.7க்கு இறங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தோம். வயிற்றுப்போக்கில் சாப்பாட்டை நிறுத்துவது இங்கே வழக்கம். நிறுத்தக் கூடாது என்று இந்த முறை பாட்டியே மருமகளிடம் சொன்னாராம். பத்து நாளில் இறங்கிய எடை திரும்பியது.

ஜனவரி நிலை

ஜனவரி நடுவில், 14 மாதத்தில், உடுப்பில்லாமல் எடை 7.5 கிலோ. பச்சைப் பட்டைக்குள். மேல்கை 131 மி.மீ. மலையின் உயரத்துக்குக் கழித்துப் பார்த்தாலும் ஹீமோகுளோபின் நன்றாக ஏறியிருந்தது.

நீளம் 70.0 செ.மீ. பதினோரு மாதத்தில், வயதுக்குக் குள்ளம் என்று காட்டும் எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்த நீளம், மூன்று மாதத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே நீளம் பின்தங்கியது. மெலிவு வேறு, குள்ளம் வேறு என்று ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜான் வாட்டர்லோ 1970களில் பிரித்துக் காட்டியது இதைத்தான். மெலிவு வாரக் கணக்கில் வரும், வாரக் கணக்கில் போகும். எலும்பு மெதுவாகத்தான் பின்தங்கும், மீள்வதும் மெதுவாகத்தான். மே முதல் அக்டோபர் வரை நடந்ததற்கான கணக்கு இப்போதுதான் நீளத்தில் வந்து விழுகிறது. மீளும் என்று அம்மாவிடம் உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வயது வரை மாதாமாதம் நீளத்தையும் அளப்போம், சாப்பாட்டை விடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி என்றால்

பேறுகால விடுப்பு முடியும் வாரத்தை நாங்கள் குறித்துவைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் இந்தக் குழந்தையின் சாப்பாடும் அதை ஊட்டுகிற கையும் மாறப்போகிறது என்பது விடுப்பு தொடங்கிய அன்றே தெரியும். அந்த வாரத்திலேயே ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தால் அக்டோபர் வந்திருக்காது. 2022 மே மாதம் தமிழ்நாடு அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இதே மாவட்டத்தில் தொடங்கியதிலிருந்து கடும் மெலிவுக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் தங்கிப்போன கோட்டோடு பச்சைக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை அந்த வலையில் விழாது.

முதல் நாளே பாட்டியை வரச் சொல்லியிருப்பேன். அவர் வர முடியாவிட்டால் நான் போயிருப்பேன். "என்ன கொடுக்கிறீர்கள்" என்பதோடு நிறுத்தாமல் "எப்படிக் காய்ச்சுகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டிருப்பேன். பருப்பு போடுகிறோம் என்பதும் பருப்புத் தண்ணீர் விடுகிறோம் என்பதும் என் தாளில் ஒரே சொல்லாக விழுந்தது.

உடுப்பைக் கழற்றுவதற்காகச் சண்டை போட மாட்டோம். அங்கன்வாடி டீச்சரும் நாங்களும் கூடிப் பேசி இரண்டு ஏற்பாடு செய்தோம். முடிந்தவரை மத்தியான வெயிலில், கணப்பு மூட்டிய அறையில் எடை போடுவது. கழற்ற மறுக்கிற வீட்டுக் குழந்தை போட்டிருக்கும் அதே மாதிரி உடுப்பை மறுநாள் கொண்டுவரச் சொல்லி எடை போட்டுக் கழிப்பது. பதிவேட்டில் அதற்கென்று இடம் இல்லை. டீச்சர் பென்சிலால் ஒரு கோடு போட்டு மேலே "துணி" என்று எழுதிக்கொண்டார்.

பிப்ரவரியில் அந்த லைனில் இரண்டு வயதுக்குள் இருந்த எட்டுக் குழந்தைகளை அப்படி எடை போட்டோம். துணி 380 கிராமிலிருந்து 710 கிராம் வரை இருந்தது. அட்டையில் பச்சையில் இருந்த இரண்டு குழந்தைகள் மஞ்சளுக்கு வந்தார்கள். ஒருவரின் அம்மாவுக்கு மார்ச்சில் விடுப்பு முடிகிறது. அந்த வீட்டுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறோம். பாட்டியும் முளைகட்டிய மாவோடு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.